பழைய பெட்டியில் புதிய உடை

குடும்பச் செலவைப் பற்றி இப்பகுதியில் அவ்வப்போது எழுதி வந்திருக்கிறோம். இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள் உடை. அரிசிக்கும் பருப்புக்கும் கணக்குப் பார்க்கும் இல்லத்தரசியரும், பேருந்துக் கட்டணம் இரண்டு ரூபாய் ஏறினால் முணுமுணுக்கும் ஆடவரும், துணிக்கடையின் படியேறியவுடன் கணக்கை மறந்துவிடுகின்றனர். தீபாவளி, பொங்கல், உகாதி, உறவினர் வீட்டுத் திருமணம், கோயில் திருவிழா என்று ஆண்டில் ஐந்தாறு முறை புதுத்துணி எடுக்க வேண்டியிருக்கிறது. கையில் பணம் இல்லையேல் கைமாற்று. கைமாற்றுக் கிடைக்கவில்லையேல் தவணை. ஐப்பசியில் எடுத்த சேலைக்குச் சித்திரை வரையில் தவணை கட்டும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அச்சேலையோ ஐப்பசியில் ஒரே ஒரு நாள் உடுத்தப்பட்டுப் பெட்டிக்குள் உறங்கிக்கொண்டிருக்கும்.

இதற்குக் காரணம் ஆடம்பர ஆசை என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. சொந்த ஊரைவிட்டு வந்து வாழும் குடும்பத்திற்கு ஊர்த் திருமணம் என்பது ஓர் ஆண்டுத் தேர்வு போன்றது. ‘போன இடத்தில் நன்றாக இருக்கிறார்களா?’ என்ற வினாவுக்கு உறவினர் முதலில் விடை தேடுவது நம் உடையில்தான். ‘இது போன கல்யாணத்தில் பார்த்த சேலைதானே?’ என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டால், அச்சொல் கேட்டவள் நெஞ்சில் பல நாள் தைத்திருக்கும். இந்நாளில் கைப்பேசிப் படங்களும் சேர்ந்துகொண்டன. முன்பு ஒரு சேலை பார்த்தவர் நினைவில் மட்டும் தங்கியது. இன்று படத்தில் தங்கிவிடுகிறது. ஆகவே, ஒரு முறை படத்தில் வந்த சேலையை மறுமுறை உடுத்தத் தயங்கும் இளம்பெண்கள் பெருகியிருக்கின்றனர். உடுத்தப் புதிதாக ஒன்றும் இல்லை என்று திருமணத்திற்கே வர மறுக்கும் பெண்களும் உள்ளனர். கடனைக் காட்டிலும் நம்மை வருத்துவது இதுவே.

இதற்கு நாம் கூற விரும்பும் மருந்து மிக எளிது. கடைக்குப் போகுமுன் பெட்டியைத் திறவுங்கள். துணி பழையதாயினும், அதை உடுத்தும் முறையும் மற்றொன்றோடு சேர்க்கும் முறையும் புதியனவாக இருக்கலாம். தைக்காத துணியை உடையாகக் கொண்ட நமக்கு இந்த வாய்ப்பு மிகுதியாக உண்டு. தைத்த சட்டையை ஒரே வகையில்தான் அணிய முடியும். சேலையும் வேட்டியும் கட்டுவோர் கைக்கேற்ப வடிவம் கொள்பவை. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று முன்னோர் கூறிய பழமொழியில் ‘கட்டு’ என்னும் சொல்லையும் நாம் கருத வேண்டும். அச்சொல் ஒரு கலையைக் குறிக்கிறது.

எங்கும் போக வேண்டாம்

இக்கலையைக் கற்க நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் கௌதள்ளி, கொள்ளேகாலத்திலிருந்து ஹனூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது. கொள்ளேகாலம் வட்டம் 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் வரையில் சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அன்று மொழிவழி மாநிலச் சீரமைப்பின்படி மைசூர் மாநிலத்தோடு இணைந்து மைசூர் மாவட்டப் பகுதியாயிற்று. 1997 முதல் அது சாமராசநகர மாவட்டத்தில் உள்ளது. ஆகவே இப்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இரு வகையினர் உண்டு. பிழைப்பை நாடி வந்தவர் ஒரு வகையினர். வீடு மாறாமலே மாநிலம் மாறியவர் மற்றொரு வகையினர். இருசாராரும் கன்னட மக்களோடு கலந்து வாழ்ந்து, அவர்கள் பேச்சையும் சமையலையும் கற்றுக்கொண்டோம். கடையில் நாம் ‘சேலை’ என்றாலும் அவர்கள் ‘சீரெ’ என்றாலும் கடைக்காரர் எடுத்துப் போடுவது ஒன்றைத்தான். கொசுவம் என்பதற்கு ‘நெரிகெ’ என்றும், முந்தானைக்குச் ‘செரகு’ என்றும் சொல்வதை நம் பிள்ளைகள் நம்மைக் காட்டிலும் நன்கு அறிவார்கள்.

தீபாவளி, சிவராத்திரி, உகாதி காலங்களில் மலைக்குச் செல்லும் அடியார் கூட்டத்தைச் சாலையோரத்தில் நின்று அரைமணி நேரம் பாருங்கள். மேட்டூர்ப் பக்கத்திலிருந்து வரும் மூதாட்டியர் பின்புறம் கொசுவம் வைத்துக் கட்டியிருப்பார்கள். வட கன்னட நாட்டுப் பெண்டிர் சிலர் நீண்ட சேலையைக் கச்சமாகக் கட்டியிருப்பார்கள். நகரத்துப் பெண்கள் முன்புறம் கொசுவம் வைத்து இடத்தோளில் முந்தானை இட்டிருப்பார்கள். புகைவண்டி நிலையத்தில் பயணச்சீட்டுச் சாளரத்தின் பின்னிருந்து நாள்தோறும் மக்களைப் பார்க்கும் நமக்கு இது பழகிய காட்சி. ஒரே நீளத்துத் துணி ஒவ்வொருவரிடத்தும் வேறு வேறு உடையாகி வரிசையில் நின்றிருக்கும்.

கட்டும் முறைகள்

இன்று நாம் ‘சேலை கட்டுவது’ என்றாலே நினைப்பது முன்கொசுவமும் இடத்தோள் முந்தானையும்தான். தொன்றுதொட்டு நாடெங்கும் இவ்வாறே கட்டினர் என்று பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. முன்கொசுவக் கட்டு ஆந்திர, தக்காண நாடுகளில் முன்பே இருந்ததாயினும், ரவிக்கை, உள்பாவாடை ஆகியவற்றோடு சேர்ந்து நாட்டின் பொது உடையாக அது பரவியது பிற்காலத்தில்தான். அதற்கு வழி செய்தவர்களுள் ஒருவர் வங்கத்துத் தாகூர் குடும்பத்து மருமகளான ஞானதாநந்தினி தேவி. அவர் கணவர் சத்தியேந்திரநாத் தாகூர், இந்தியக் குடிமைப்பணித் தேர்வில் வென்ற முதல் இந்தியர். 1860-களில் கணவரோடு பம்பாய் சென்ற அவ்வம்மையார், அங்கே பார்சிப் பெண்கள் உடுத்தும் முறையைக் கண்டு, தமக்கேற்ப மாற்றிக்கொண்டு, ஊர் திரும்பிப் பிறருக்கும் கற்பித்தார். அவரும் வெளியூர் சென்று வாழ்ந்த ஒரு குடும்பப் பெண்ணே என்பதை நம் சகோதரிகள் கருத வேண்டும். அண்டை வீட்டாரின் முறையைப் பார்த்து, பெட்டியிலிருந்த பழைய சேலையைப் புது வகையில் கட்டிய ஒருவரின் செயல் நாட்டின் வழக்கத்தையே மாற்ற உதவிற்று.

சாந்தால் புலான்ஷே என்னும் பிரெஞ்சு ஆய்வாளர், தமிழ்நாடு முதலிய இடங்களில் தங்கி ஆராய்ந்து, சேலை கட்டும் முறைகளைப் படங்களுடன் 1997-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அத்தகைய முறைகள் எண்பதுக்கும் மேற்பட்டவை பதிவாகியுள்ளன. நாம் அறிந்திருப்பது ஒன்றோ இரண்டோதான். நம் கைக்கு எட்டிய மூன்றை இங்கே கூறுவோம்.

முதலாவது, நம் பாட்டிமாரின் பின்கொசுவம். கொசுவத்தை முன்னே செருகாமல் பின்புறம் இடுப்பில் விசிறிபோல் விரித்து நிறுத்துவது இது. நடப்பதற்கும் குனிந்து வேலை செய்வதற்கும் இதைப்போல் வசதியானது வேறில்லை. காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கிச் சேலையின் கட்டங்களும் அகன்ற கரையும் இம்முறையில்தான் முழு அழகையும் காட்டும். அக்கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பின்கொசுவம் பட்டிக்காட்டு வழக்கம் என்று நம் பெண்கள் ஒதுக்கினர். இன்று நகரங்களில் படித்த பெண்கள் சிலர் அதனையே விரும்பிக் கற்கின்றனர். உங்கள் வீட்டில் பாட்டியார் இருந்தால், அவரிடமே உங்கள் மகளைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் கைக்குள் இருக்கும் பாடம் அவரோடு போய்விடக் கூடாது.

இரண்டாவது, குடகு நாட்டுக் கட்டு. இதிலும் கொசுவம் பின்புறமே. முந்தானையை இடக்கையின் அடியாகக் கொணர்ந்து மார்பின் குறுக்கே இட்டு, வலத்தோளில் ஊசியால் பொருத்துவர். காவிரித்தாய் ஆறாகப் பெருகி ஓடியபோது, பலமுரி என்னுமிடத்தில் தடுத்து நின்ற பெண்களின் கொசுவத்தை வெள்ளத்தின் வேகம் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்று குடகு மக்கள் கதை கூறுவர். கதை எவ்வாறாயினும், கட்டு உறுதியானது. முந்தானை நழுவுமோ என்ற கவலை இல்லை. திருமணப் பந்தியில் பரிமாறும் பெண்களுக்கு இது மிகவும் ஏற்றது.

மூன்றாவது, குசராத்தியர் கட்டு. கொசுவம் நாம் வைப்பதுபோல் முன்புறமே. முந்தானையை மட்டும் பின்னிருந்து வலத்தோள் வழியாக முன்னே கொணர்ந்து மார்பின்மேல் விரித்து, முனையை இடப்பக்கத்து இடுப்பில் செருகுவர். நம் முறையில் முதுகுக்குப் பின்னே மறைந்து போகும் முந்தானை வேலைப்பாடு இதில் முன்னே முழுதும் தெரியும். முந்தானை மட்டும் அழகாயிருந்து, உடல் சாதாரணமாக உள்ள சேலைகளுக்கு இது பொருந்தும். பார்ப்பவர் கண்ணுக்கு அது வேறு சேலையாகவே தோன்றும்.

இம்மூன்றுக்கும் நாம் வழக்கமாக உடுத்தும் ஆறு கெசச் சேலையே போதும். மடிசாருக்கு மட்டும் ஒன்பது கெசம் வேண்டும். புது முறையைத் திருமண நாளன்று காலையில் முயலாதீர்கள். ஓய்வான ஒரு மாலைப் பொழுதில் பருத்திச் சேலையில் இரண்டு மூன்று முறை பழகுங்கள். பட்டில் ஊசி குத்த நேர்ந்தால், உட்புறம் ஒரு சிறு துணித் துண்டை வைத்து அதனோடு சேர்த்துக் குத்தினால் பட்டு கிழியாது.

சேர்க்கும் முறை

அடுத்தது, எதனோடு எதைச் சேர்ப்பது என்னும் கேள்வி. இதில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண்ணிடம் ஒன்பது சேலைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் அதனதன் ரவிக்கை மட்டுமே உண்டு. அவள் ஒன்பது வகையில்தான் உடுத்த முடியும். அவளே எல்லாவற்றுக்கும் ஓரளவு ஒத்துவரும் மூன்று ரவிக்கைகளைத் தைத்துக்கொண்டால், ஒன்பதை மூன்றால் பெருக்க இருபத்தேழு. கட்டும் முறை இரண்டு தெரிந்தால் ஐம்பத்து நான்கு. ஆண்டுக்கு வாரங்கள் ஐம்பத்திரண்டே! பொருந்தாத சேர்க்கைகளில் பாதியைத் தள்ளினாலும், எந்த விழாவுக்கும் புதிதாக ஒன்று மிச்சமிருக்கும். மூன்று ரவிக்கைகளின் செலவு ஒரு பட்டுச் சேலையின் விலைக்கு அருகிலும் வாராது.

எந்த மூன்று நிறங்கள் என்று கேட்பீர்கள். சேலைகளை எல்லாம் வெளிச்சத்தில் பரப்பி, அவற்றின் கரையையும் ஊடே ஓடும் மெல்லிய கோடுகளையும் உற்றுப் பாருங்கள். சேலையின் பெரு நிறத்தையே ரவிக்கைக்குத் தேடுவது நம் வழக்கம். அதை விடுத்து, சிறிதாக ஒளிந்திருக்கும் நிறத்தை எடுத்தால் சேலை புதிதாகிவிடும். பெரும்பாலான வீடுகளில் அரக்கு, கடுகு மஞ்சள், கருநீலம் ஆகிய மூன்றும் பல சேலைகளுக்கு ஒத்துவரக் காணலாம். வெற்று நிறச் சேலைக்கு மதுரைச் சுங்குடித் துண்டில் ரவிக்கை தைக்கலாம். வட கன்னட நாட்டில் ரவிக்கைக்கென்றே நெய்யப்படும் குளேதகுட்டத்துக் கணத்துணியும் மிக அழகானது. தமிழ்நாட்டுச் சேலையும் கன்னட நாட்டு ரவிக்கையும் ஓர் உடம்பில் சேருவது, நம் போன்ற குடும்பங்களின் வாழ்வுக்குப் பொருத்தமான காட்சியே ஆகும்.

பழகிய துணி புதிதாவது பார்ப்பவர் கண்ணிலும் உண்டு என்பதற்குச் சென்னைக் கட்டத்துணியின் கதை ஒரு சான்று. நம் தந்தையர் வீட்டில் கட்டும் கைலியில் உள்ள கட்டங்களை நாம் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க வணிகர், சி. பி. கிருஷ்ணன் நாயர் என்பவரிடம் அத்தகைய சென்னைக் கைத்தறிக் கட்டத்துணியை வாங்கி, புரூக்ஸ் பிரதர்ஸ் என்னும் பெயர் பெற்ற ஆடை நிறுவனத்துக்கு விற்றார். இத்துணியைத் தனியே, குளிர்நீரில் துவைக்க வேண்டும் என்பது வாங்கியோருக்குத் தெரியவில்லை. துவைத்தவுடன் சாயம் ஒன்றோடொன்று கலந்தது. முதலில் குறை கூறினர். பின்னரோ, துவைக்கத் துவைக்கப் புது நிறம் காட்டும் துணி என்று விளம்பரம் செய்யப்பட்டது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் அதனை விரும்பி வாங்கினர். நம் வீட்டுக் கொடியில் கேட்பாரற்றுக் காய்ந்த கட்டம் அங்கே செல்வர் வீட்டுச் சட்டையாயிற்று.

ஆடவர் உடை

பெண்களுக்கு மட்டும் அறிவுரை கூறிவிட்டு ஆடவர் தப்பிக்கொள்ளலாகாது. தமிழகத்தில் வேட்டியை உடுத்தும் முறையால் நாட்டின் வரலாற்றையே மாற்றியவர் ஒருவர் உண்டு. 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது காந்தியடிகள் தம் பழைய உடையைத் துறந்து, முழங்கால் அளவான ஒற்றைத் துணியை உடுத்தத் தொடங்கினார். ஏழைக்குக் கிடைக்கும் துணி இவ்வளவே என்று கண்டு, அதனையே தம் உடையாகக் கொண்டார். பின்னாளில் இலண்டன் அரண்மனைக்கும் அவ்வுடையிலேயே சென்றார். உடை மதிப்புத் தருவது விலையால் அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

நமக்கு அவ்வளவு துறவு வேண்டியதில்லை. இருப்பதை ஒழுங்காக உடுத்தினால் போதும். மூன்று வேட்டியும் நான்கு சட்டையும் உள்ளவருக்குப் பன்னிரண்டு சேர்க்கைகள் உண்டு. வேட்டியின் கரை நிறத்தோடு சட்டை நிறம் ஒத்துவருமாறு பார்த்தால், பழைய சட்டையும் விழாவுக்கு உரியதாகும். எட்டு முழ வேட்டியைத் தட்டுச் சுற்றாகவும் கட்டலாம். பெட்டியில் பத்து முழ வேட்டி இருந்தால் அதனைப் பஞ்சகச்சமாகவும் கட்டலாம். பெட்டியடியில் கிடக்கும் திருமண அங்கவஸ்திரத்தைத் தோளில் இட்டால் வெள்ளைச் சட்டைக்கே ஒரு பொலிவு வரும். கழுத்துப்பட்டை தேய்ந்த சட்டையை எறிந்துவிடாதீர்கள். பழைய தையற்காரர்கள் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துத் தருவார்கள். தேய்ந்த பக்கம் உள்ளே போய்விடும். சட்டை மேலும் ஈராண்டு உழைக்கும். சிறு கூலிக்கு நடக்கும் இவ்வேலையை இன்று கேட்பாரில்லாததால், செய்வாரும் குறைந்து வருகின்றனர்.

பிள்ளைகள் உடை

வளரும் பிள்ளைகளின் துணியே குடும்பத்திற்குப் பெருஞ்சுமை. ஆறு மாதத்தில் பாவாடை குட்டையாகிவிடும். நம் தாய்மார் இதற்கு ஒரு வழி வைத்திருந்தனர். பாவாடையின் அடியில் நான்கு விரல் அளவு துணியை உள்ளே மடித்துத் தைத்து, பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாக அவிழ்த்துவிடுவார்கள். அவிழ்த்த இடத்தில் நிறம் சிறிது வேறுபட்டுத் தெரிந்தால், அதன்மேல் ஒரு மெல்லிய கரையைத் தைத்துவிடலாம், குறையே அலங்காரமாகிவிடும்.

தாயின் பழம் பட்டுச் சேலையில் நடுப்பகுதி நைந்திருந்தாலும் கரையும் முந்தானையும் நன்றாகவே இருக்கும். அதில் மகளுக்குப் பாவாடை தைக்கலாம். மெல்லிய சேலை ஒன்றில் இரண்டரை முதல் மூன்று மீட்டர் எடுத்தால் தாவணி ஆகும். மிச்சத்தில் இளையவளுக்குச் சட்டை. தைக்கும்போது தாய் எந்த நாளில் அதனை உடுத்தினாள் என்னும் செய்தியையும் மகளுக்குச் சொல்லுங்கள். அப்போது அது மிச்சத் துணியாகத் தோன்றாது, சீதனமாகத் தோன்றும். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. எப்போதும் அக்காள் உடுத்திக் கழித்ததையே தங்கைக்குத் தந்துகொண்டிருந்தால் அப்பிள்ளையின் மனம் வாடும். தீபாவளிக்கு ஒன்றேனும் அவளுக்கென்றே புதிதாக எடுத்துத் தருவது பெற்றோர் கடமை. சிக்கனம் என்பது பிள்ளையின் கண்ணீரில் சேமிப்பதன்று.

இவை எல்லாம் வறியவர் செய்வன என்று எவரும் நாண வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, உலகின் பெரும் பகுதியை ஆண்ட இங்கிலாந்திலேயே 1941 சூன் முதல் 1949 வரையில் துணிக்குப் பங்கீடு இருந்தது. முதலாண்டில் ஒருவருக்கு 66 சீட்டுகளே வழங்கப்பட்டன. சட்டைக்கு இத்தனை, மேலங்கிக்கு இத்தனை என்று கணக்கு. 1943-இல் அந்நாட்டு அரசாங்கமே, பழைய துணியைச் சீர்செய்து புதிதாக உடுத்துவது எப்படி என்று சிறு நூல் வெளியிட்டது. திரைச்சீலையில் மேலாடையும், கணவன் சட்டையில் பிள்ளையின் உடையும் தைத்தவர் பலர்.

காக்கும் முறை

புது வகையில் உடுத்துவதற்குப் பழையது கெடாமல் இருக்க வேண்டும். பட்டு கிழிவது பெரும்பாலும் உடுத்துவதால் அன்று. ஒரே மடிப்பில் பல ஆண்டு கிடப்பதால்தான். மூன்று மாதத்திற்கு ஒரு முறை எடுத்து, நிழலில் காற்றாட விரித்து, வேறு இடத்தில் மடிப்பு விழுமாறு மடித்து வையுங்கள். ஞெகிழிப் பையில் வைத்தால் ஈரம் உள்ளே தங்கிச் சரிகை கறுக்கும். பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றுவதே நல்லது. பூச்சியுருண்டை சரிகையில் படலாகாது. வேப்பிலையையோ வசம்பையோ துணியில் முடிந்து பெட்டி மூலையில் இடலாம். உடுத்திக் களைந்த பட்டை உடனே மடித்து வைக்காமல், வியர்வை உலர ஓர் இரவு நிழலில் தொங்கவிடுங்கள். சுங்குடி போன்ற சாயத்துணியை முதல் சில முறை தனியே குளிர்நீரில் அலசுங்கள்.

உடுத்தவே இயலாது போன துணிக்கும் வேலை உண்டு. நைந்த பருத்திச் சேலையைப்போல் மென்மையான தூளி குழந்தைக்கு வேறில்லை. பிறந்த குழந்தைக்குப் பழந்துணியையே முதலில் உடுத்தும் நம் வழக்கத்திலும் இந்த நயம் உண்டு. வட கன்னட நாட்டில் பழஞ்சேலைகளை அடுக்கிக் கையால் தையலோட்டிக் ‘கௌதி’ என்னும் போர்வை செய்வர். வங்கத்தார் ‘காந்தா’ என்று செய்வதும் இதுவே.

நெசவாளர் என்ன ஆவார்?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். எல்லாரும் பழையதையே உடுத்தினால் நெசவாளர் குடும்பம் எப்படி வாழும்? கொள்ளேகாலம் கைத்தறிப் பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். மைசூரில் நால்வடி கிருஷ்ணராச உடையார் காலத்தில் 1912-இல் தொடங்கிய பட்டு நெசவாலை இன்றும் நடைபெறுகிறது. மைசூர்ப் பட்டுக்கும் மதுரைச் சுங்குடிக்கும் 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இத்தொழில்கள் நலிய நாம் காரணமாகலாமா?

நம் விடை இதுவே. நம் பணத்தை இன்று அள்ளிக்கொண்டு போவது கைத்தறி அன்று. மூன்று முறை துவைத்தால் உருக்குலைந்து போகும் மலிவுத் துணியே. ஓராண்டில் அத்தகைய துணி ஐந்து வாங்கும் பணத்தில் நல்ல கைத்தறிச் சேலை ஒன்று வாங்கலாம். அது பதினைந்து ஆண்டு உழைக்கும், மகளுக்குத் தாவணியாகும், பேரனுக்குத் தூளியாகும். இப்படி வாங்குபவரே நெசவாளருக்கு உண்மையான துணை.

துணியின் விலையில் சேராத வேறொரு விலையும் உண்டு. திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யலாறு கெட்டது. 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசன நீருக்கு மாறாகச் சாயநீரைத் தேக்கும் குளமாயிற்று. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாய ஆலைகளை மூட ஆணையிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. அந்நொய்யல் சென்று சேர்வது காவிரியில். நம் கௌதள்ளியை அடுத்த காடுகளின் ஊடே ஓடும் அதே காவிரி. வேண்டாத துணி ஒன்றை வாங்காமல் விட்டால், அந்த ஆற்றுக்கு நாம் செய்யும் சிறு நன்மையாகும்.

ஒரு வேண்டுகோள்

முடிவாக நம் சங்கத்தாருக்கு ஒன்று கூறி அமைவோம். ஒரு பெண்ணின் உடையைக் குறித்து ‘பார்த்த சேலைதானே’ என்று கூறும் பழக்கத்தை நாம் எல்லாரும் கைவிட வேண்டும். அச்சொல் ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ள வல்லது. நெடுநாள் கழித்து ஒரு சேலையை மீண்டும் காணும்போது, ‘எவ்வளவு நன்றாகக் காத்து வைத்திருக்கிறாய்!’ என்று பாராட்டுவோம்.

வரும் பொங்கல் கூட்டத்திற்கு வரும் ஒவ்வொருவரும் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட உடை ஒன்றையேனும் புதிய முறையில் உடுத்தி வரலாம் என்பது நம் யோசனை. பின்கொசுவம் அறிந்த மூதாட்டியர் இளம்பெண்களுக்கு அன்று கற்பிக்கலாம். அக்கம்பக்கத்துக் கன்னடச் சகோதரிகளையும் அழைத்து அவர்கள் முறையையும் கேட்டறியலாம். பரிசு ஒன்றும் வேண்டா. புதுச்சேலை இல்லையென்று வீட்டிலேயே தங்கிவிட இருந்த ஒரு பெண் அன்று மகிழ்ச்சியோடு வந்து நம்முடன் அமர்ந்தாளாயின், அதுவே போதும். இன்று மாலையே பெட்டியைத் திறந்து பாருங்கள்.